ரெண்டும் ஒண்ணுதான்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நம் பாட்டுப் பெட்டிக் கடை மாடியில், வாடிக்கையாளர் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டேன். ஒன்று சுருக்கிய எம்.பி.3. மற்றது சுருக்காத பெரிய ஃபைல். எது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. நான் ஒரு தமாஷ் சொன்னேன். கூட்டம் இன்னும் சிரித்தது. நீங்கள் மாடிப்படி இறங்கிப் போனீர்கள். அடுத்த வாரமே என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டீர்கள்.

இதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இனி என் பக்கம்.

அந்தச் சோதனையை வைக்கச் சொன்னது பல் டாக்டர். அந்த ஆளை உங்களுக்குத் தெரியும். வாரா வாரம் வந்து ஓசி டீ குடித்துவிட்டு, "சுருக்கினதுக்கும் சுருக்காததுக்கும் ஒரு மண்ணு வித்தியாசமும் கிடையாது, எல்லாம் நீங்க பெரிய பெட்டி விக்கிறதுக்குக் கட்டின கதை" என்று மற்றவர்களைக் கலைப்பார். அவர் வாயை அடைக்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. "எங்க மாப்பிள்ளை கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவார்" என்றேன். உங்கள் மேல் இருந்த நம்பிக்கையில்தானே சொன்னேன்? வாசலில் 'பொன் காது' என்று போர்டு எழுதி வைத்திருப்பது யார் காதை நம்பி? என் காதையா? நான் பழைய இரும்பை எடைக்கு எடுத்து விற்று மேலே வந்தவன். எனக்குத் தராசுதான் காது.

நான் சொன்ன தமாஷைத்தான் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள். "வீட்ல என் தங்கச்சி பேச்சைக் கேட்டுக் கேட்டு மாப்பிள்ளைக்குக் காது தேஞ்சு போச்சு" என்றேன். சரி, சொன்னேன். கடையில் பேச்சு வறண்டு போனால் வியாபாரம் நின்றுவிடும், மாப்பிள்ளை. அந்த நேரத்தில் யாராவது எதையாவது சொல்லிக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். வாய்க்கு வந்தது அது. வேறு ஏதாவது வந்திருக்கலாம். வரவில்லை.

நாற்காலி உங்களுக்காகக் காலியாகவே இருக்கிறது. நீங்கள் செய்த அந்த ஸ்பீக்கர் ஜோடி மேல் தினமும் துணி போட்டு மூடச் சொல்லியிருக்கிறேன். சின்னப் பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளாமல் வந்து சேருங்கள். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் இந்த எழுத்து வேலை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மச்சான்

*

மார்ச் 12

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான். கடிதம் என்றால் எனக்கும் ஒரு முறை வருகிறது.

இங்கே பஸ் நிலையத்தில் வேலை. அறிவிப்புக்கான ஒலிபெருக்கிகளைக் கம்பங்களில் கட்டிச் சரிசெய்வது. வாய் அகன்ற இரும்புக் குழாய்கள், உங்களுக்குப் பிடிக்கும், நல்ல கனம். இங்கே யாரும் ஒலித்தரம் பற்றிப் பேசுவதில்லை. குரலின் அடியையும் முடியையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் விட்டால், எந்த பஸ் எந்த மேடை என்று தெளிவாகப் புரிகிறது. முதல் நாள் நான் ஒரு குழாயை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிலைய மேலாளர் வந்து, "என்னய்யா, பஸ் பாடவா போகுது?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

தமாஷை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் தங்கை எடுத்துக்கொண்டாள். அவளிடம் சொல்ல வேண்டியதை நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

நான் வந்ததற்குக் காரணம் வேறு. என் முன்னால் இரண்டு பாட்டு ஓடியது. வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை. அந்த மாடியில் எனக்கு இருந்த வேலையே அந்த வித்தியாசத்தைக் கேட்பதுதான். கேட்காதவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவருக்கு ஹெட்போன் தேர்ந்து கொடுத்தால் அது ஏமாற்று. போர்டை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஜோடியைத் துணி போட்டு மூட வேண்டாம். விற்றுவிடுங்கள். ஒவ்வொரு பலகையையும் தட்டிக் கேட்டு, உள்ளே ஒலியைப் பிரிக்கும் ஒவ்வொரு கம்பிச் சுருளையும் மாற்றிக் கேட்டு, காதை வைத்தே செய்தது அது. அந்தக் காதே சந்தேகம் என்றான பிறகு அதுவும் சந்தேகம்தான். யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடி அலமாரியின் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சி.டி.க்கள் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

சொன்னபடி விற்றுவிட்டேன். கடைத்தெரு முனையில் புதுசாக ஓட்டல் கட்டியிருக்கும் முதலாளிக்கு ஒரு வருஷமாக அந்த ஜோடி மேல் கண். பேரம் பேசவே இல்லை. வண்டியோடு வந்தார், ஏற்றினார், போனார். பணத்தை என் தங்கச்சி பேருக்கு அனுப்பினேன். வந்த வழியே திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு வரிகூட இல்லை. நல்ல குடும்பம்!

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏற்றும்போது எனக்கு மனசே இல்லை. விற்கச் சொல்லி எழுதினவர் அடுத்த தபாலிலேயே 'வேண்டாம், இருக்கட்டும்' என்று எழுதுவார் என்று பார்த்தேன். எழுதவில்லை. சரி, விற்றுவிட்டேன் என்று தெரிந்தாலாவது கோபத்தில் பஸ் ஏறி வந்து என் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பேரம் படியாமல் முறைத்துக்கொண்டு போன வாடிக்கையாளரைத் திரும்ப வரவைக்க, சரக்கு விற்றுப்போச்சு என்று சொல்லும் வித்தை ஒன்று உண்டு. வியாபாரத்தில் செல்லுபடி ஆனது மாப்பிள்ளையிடம் ஆகவில்லை போல.

கடை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நேற்று ஒரு பெண் வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், நாள் முழுக்கக் காதில் மாட்டியிருக்க வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும், எது வாங்கலாம் என்றாள். நீங்கள் இருந்தால் நாலு கேள்வி கேட்பீர்கள், இரண்டை மாட்டிப் பார்க்கச் சொல்வீர்கள், விலை குறைந்ததையே எடுத்துக் கொடுத்து என் வயிற்றில் அடிப்பீர்கள். நான் இருப்பதிலேயே கனமானதைத் தூக்கிக் கொடுத்தேன். "நல்ல சரக்குன்னா கையில கனம் தெரியணும்மா" என்றேன். இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டாள். கழுத்து வலிக்கிறதாம்.

பல் டாக்டர் மட்டும் விடாமல் வருகிறார். ஜெயித்த ஆள் இல்லையா? சோதனையில் போட்ட இரண்டு ஃபைலையும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டக் கேட்டார். கொடுத்துத் தொலைத்தேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மச்சான்

*

ஏப்ரல் 6

மச்சானுக்கு,

அத்தனை சீக்கிரம் விற்றுப்போகும் என்று நான் நினைக்கவில்லை. நான்தான் எழுதினேன். எழுதியதை மறுக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். உங்கள் தங்கை கதவருகில் நின்று, "வேண்டாம்னு எழுத வேண்டியதுதானே?" என்றாள். எழுத நினைத்தேன். எழுதினால் திரும்பி வருவதற்கு அடிபோடுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள் என்று விட்டுவிட்டேன். இருவரும் ஆளுக்கொரு கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

காது டாக்டரிடம் போனேன். ஆள் ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அமைதியை நம் மாடி அறைக்குக் கொண்டுவர நாம் எத்தனை திரை வாங்கியிருக்கிறோம்! நான் அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் அழுத்த ஒன்றும் இல்லை. சத்தத்தை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து வெளியே பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் இன்னும் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். கோடு நேராக வந்து, உச்ச ஒலிகள் இருக்கும் பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் படியில் கால் தவறினவன் மாதிரி விழுகிறது. "உங்க வயசுக்கு இது சகஜம். பேச்செல்லாம் நல்லாக் கேக்கும். எதுக்குக் கவலைப்படறீங்க?" என்றார். என்ன தொழில் என்று கேட்டார். பஸ் நிலையம் என்றேன். "அப்ப தாராளம்" என்றார்.

பழைய பெட்டி டிவியைப் போட்டவுடன் ஊசி மாதிரி ஒரு கீச்சொலி வருமே, நினைவிருக்கிறதா? பக்கத்து அறையிலிருந்தே யார் வீட்டில் டிவி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். டிவி மாறியதால் நின்றதா, என் காது மாறியதால் நின்றதா? அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சத்தம் போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை.

ஆகவே கூட்டம் சிரித்தது சரிதான். உங்கள் தமாஷும் பாதி உண்மை, தேய்ந்ததற்கான காரணம்தான் தவறு. அத்தனை பேர் முன்னால் கடையின் பெயரைக் கெடுத்துவிட்டேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். கேட்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

*

ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து மேசை மேலேயே கிடக்கிறது. மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த கையோடு பதில் எழுதியிருந்தால் பெருந்தன்மையாக எதையாவது எழுதித் தொலைத்திருப்பேன். நல்லவேளை, பல் டாக்டர் முந்திக்கொண்டார்.

புதன்கிழமை கடை திறந்ததும் கம்ப்யூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். உட்காரவில்லை, டீ கேட்கவில்லை.

"யாருக்குய்யா காது குத்துறீங்க?" என்றார்.

"என்ன டாக்டர், காலங்கார்த்தால?"

திரையைத் திருப்பினார். பாட்டைப் படமாக வரைந்து காட்டுகிற ஏதோ ஒன்று. மேலே உச்ச ஒலி, கீழே அடி ஒலி. அன்றைக்குப் போட்ட எம்.பி.3 படத்தில் மேல்பக்கம் ஒரு உயரத்துக்கு மேல் வெறும் கறுப்பு. மொட்டை மாடிச் சுவரை ஒரே மட்டமாக இடித்த மாதிரி. "சுருக்கும்போது மேல இருக்கறதை வெட்டிடும். இது சரி" என்றார். அடுத்ததைப் போட்டார். அதே சுவர். அதே உயரத்தில் அதே இடிப்பு. "இது சுருக்காததுன்னீங்க. இதுல மேல இருக்கறது எங்க?"

நான் திரையை உற்றுப் பார்த்தேன். "எப்படி இந்த ஃபைலைச் செஞ்சீங்க, சொல்லுங்க" என்றார். சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பாட்டின் சி.டி. உங்கள் அலமாரியில் இருந்தது. சாவி உங்களிடம். உங்களிடம் கேட்டால் எந்தப் பாட்டு என்று தெரிந்துவிடும், சோதனை கெட்டுவிடும் என்று கேட்கவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் அதே பாட்டு எம்.பி.3 ஆக இருந்தது. அதில் 'பெரிய வடிவத்துக்கு மாற்று' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். நாலு எம்.பி. இருந்த பாட்டு நாற்பது எம்.பி. ஆனது. பத்து மடங்கு! எடை கூடினால் சரக்கு கூடியது என்றுதான் அர்த்தம், மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்த தொழிலில். திருப்தியாகக் கையைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.

பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாலுல தண்ணி ஊத்தினா அளவு கூடும். பாலு கூடுமாய்யா? ஒரு தடவை வெட்டி எறிஞ்சது எறிஞ்சதுதான். பெரிய பாத்திரத்துல ஊத்தினா திரும்ப வருமா?" என்றார். கம்ப்யூட்டரை மூடினார். பிறகு, "அந்த மனுஷன் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னாரே. ஒண்ணுதான்யா. அங்க இருந்ததுல அவர் ஒருத்தர்தான் சரியாச் சொன்னார்" என்றார்.

அவர் போன பிறகு கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓட்டலுக்கு நடந்தேன். எப்படியாவது அந்த ஜோடியைத் திருப்பி வாங்கிவிட வேண்டும், என்ன கேட்டாலும் கொடுத்துவிடலாம். வாசலில் நுழைந்ததும் ஏதோ சத்தம். மழைச் சத்தமும் புல்லாங்குழலும் கலந்த ஒன்று, முதலாளி மகனின் போனிலிருந்து. மேலே பார்த்தேன். ஒன்றை வரவேற்பு மேசைக்கு மேல் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்னொன்று லிஃப்டுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து. சுவர் நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்று இரண்டுக்கும் வெள்ளைப் பெயிண்ட். தொங்கவிடப் பக்கத்தில் துளை. உள்ளே இருந்த சுருள்கள் கனமாக இருந்ததாம், கூரை தாங்காது என்று எலெக்ட்ரீசியன் கழற்றிப் போட்டுவிட்டானாம்.

"சூப்பரா இருக்குல்ல?" என்றார் முதலாளி.

"நல்லா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது? நான்தானே விற்றேன்.

மாப்பிள்ளை, அன்றைக்கு வந்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடுகிறேன். பல் டாக்டர் தானே எழுந்து நின்று சொல்கிறேன் என்கிறார். சரியான ஃபைலை அவரே கொண்டுவருவார். நீங்கள் வந்து அதே நாற்காலியில் உட்காருங்கள். சிரித்த வாயெல்லாம் மூடட்டும்.

மச்சான்

*

ஏப்ரல் 30

மச்சானுக்கு,

வெள்ளைப் பெயிண்டா?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை உங்கள் தங்கைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'பத்து மடங்கு' வந்தபோது சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சிரித்துக் கேட்டது அதுதான் முதல். ஓட்டல் வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் சந்தோஷமான செய்தி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அத்தனை சுலபமாக இல்லை. யோசித்துப் பாருங்கள். படத்தில் சுவர் இடிந்திருந்த உயரம் சுமார் பதினாறாயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும். என் காது பன்னிரண்டாயிரத்திலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் உண்மையான ஃபைலையே வைத்திருந்தாலும், அந்த மேல் பகுதி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிந்திருக்காது. சரியான பதிலைச் சொன்னேன். காதால் சொன்னேனா, காது இல்லாததால் சொன்னேனா?

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவ்வளவு சுருக்கினால் மேல் பகுதி மட்டும் போவதில்லை. தாளத்தின் நுனி கரையும். வெண்கலத் தட்டைத் தட்டினால் 'ணங்' என்று விழ வேண்டியது 'ஷ்' என்று நனைந்து விழும். அது என் காது எட்டும் இடத்திலேயே நடக்கும். அன்றைக்கு ஐந்தாவது ஆறாவது முறை கேட்கும்போது, ஒரு நொடி, இரண்டுமே நனைந்திருக்கிறது என்று தோன்றியது. நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். "ஃபைலை நானே என் கையால ரெடி பண்ணேன்" என்று யாரிடமோ மார்தட்டிக்கொண்டிருந்தீர்கள். இரண்டுமே கெட்டது என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் உங்கள் முகம் என்ன ஆகும்? விழுங்கிவிட்டேன். பாதியை மட்டும் சொன்னேன். நீங்கள் அந்தத் தமாஷைச் சொன்ன பிறகு, நான் விழுங்கியது நிஜமாகவே காதில் கேட்டதா, அல்லது தோற்கப் போகிறவன் மனசு சொன்ன சாக்கா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. இப்போதும் தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அந்த ஜோடி இருந்தால் உட்கார்ந்து கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். அதன் குரல் ஒன்றுதான் எனக்கு மனப்பாடம்.

கூட்டம் கூட்ட வேண்டாம். நான் வர மாட்டேன். ஜெயித்துக் காட்டி எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. மறுபடி தோற்றால் தாங்க மாட்டேன் என்பதும் உண்மை.

ஆனால் உங்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதைக் கேட்டுவிடுகிறேன். இத்தனை வருஷம் பாட்டுப் பெட்டி விற்றிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு நான் பார்த்ததில்லை. பல்லவி முடிவதற்குள் விலை சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். ஒரே ஒரு தடவை அந்த எம்.பி.3யையும் அந்தப் பெரிய ஃபைலையும் நீங்களே உட்கார்ந்து கேட்டிருந்தால், எடையைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்க மாட்டீர்கள். எனக்குப் பதில் உங்கள் காதே சொல்லியிருக்கும். உங்கள் காது நல்ல காது, மச்சான். கூட்டத்தில் எவன் வாங்குவான், எவன் வாங்க மாட்டான் என்று அவன் 'ம்' போடுவதை வைத்தே சொல்லிவிடுகிற காது.

ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், ஒரு நாள் இங்கே வாருங்கள். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். ஒரு பாட்டைப் பேசாமல் முழுதாகக் கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் தங்கை பக்கத்தில் நிற்கிறாள். "அவர் எங்க வாயை மூடப்போறார்?" என்கிறாள். அப்படியே எழுதச் சொன்னாள்.

*

மே 20

மாப்பிள்ளைக்கு,

பேசி முடித்ததை எழுதி வைப்பது என் பழக்கம். வாய்ப்பேச்சு அவரவர் வசதிக்கு வளையும். அதனால் இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் நடந்ததை முதலில் எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

தங்கச்சி கதவைத் திறந்தாள். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. "உன்னை வச்சு நாலு பேரைச் சிரிக்க வச்சேன். தப்புதான்மா" என்றேன். "நாலு பேரா? மாடி நிறைய ஆளுண்ணே" என்றாள். உள்ளே போய் டீ வைத்தாள். அதில் சர்க்கரை போட்டிருந்தாள், எனக்குப் போடக்கூடாது என்று தெரிந்தும். கோபம் தீரவில்லை என்று புரிந்துகொண்டு குடித்தேன்.

உங்கள் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பஸ் நிலைய அறிவிப்பைச் சோதிக்க வைத்திருக்கும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று. நம் மாடியில் அதைக் கதவு திறந்து நிற்க முட்டுக் கொடுக்கத்தான் வைப்போம். "இதுலயா?" என்று கேட்க வாயெடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சோதனையில் போட்ட அதே பாட்டு ஆரம்பித்தது. அரை நிமிஷம் ஆகியிருக்காது, "இந்தப் பெட்டி எந்தக் கம்பெனி?" என்றேன். நிறுத்தினீர்கள். "முதல்லேருந்து" என்றீர்கள். இரண்டாவது தடவை சரணம் வரைக்கும் போனேன். ஃபேன் கரகரத்தது. "அதை நிறுத்தட்டுமா?" என்றேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்று, என் தங்கச்சி சிரிப்பது கேட்டது. "முதல்லேருந்து" என்றீர்கள்.

மூன்றாவது தடவை வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அந்த அம்மாள் பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் மூச்சு இழுக்கிறாள். யாரோ நாற்காலியில் நகர்ந்து உட்காருகிறார்கள், மரம் கிறீச்சிடுகிறது. நடுவில் ஒரு இடத்தில் வாத்தியக்காரர் ஒருவர் தப்பாக ஏதோ வாசித்துவிட்டு, அடுத்த அடியிலேயே அதைச் சரிக்கட்டி, தப்பே இல்லாத மாதிரி போகிறார். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வியாபாரி! முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த அறையின் அமைதி கேட்கிறது, பாட்டு எடுத்த அறையின் அமைதி, உங்கள் அறையுடையது இல்லை.

"இதெல்லாம் அந்தச் சின்ன ஃபைல்லயும் இருந்ததா?" என்று கேட்டேன்.

"இருந்தது, மச்சான். நீங்கதான் அங்க இல்ல" என்றீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் ஜோடியை அத்தனை வருஷம் மாடியில் வைத்திருந்தேன். அதில் ஒரு பாட்டைக்கூட இப்படிக் கேட்கவில்லை. இப்போது ஓட்டலுக்குப் போய் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றால் மழைச் சத்தம்தான் வருகிறது. நான் இரண்டு தடவை போய் நின்றேன். முதலாளி, "ரூம் வேணுமாண்ணே?" என்கிறார்.

சரி. பேசி முடித்தவை:

கடைக்குத் திரும்பி வருவதில்லை என்று சொன்னீர்கள். சம்மதம். வற்புறுத்தினேன், நீங்கள் அசையவில்லை. அந்த நாற்காலியை மாடியிலிருந்து எடுத்துவிட்டேன். வாசல் போர்டில் 'பொன் காது' அழித்தாயிற்று. பெயிண்டர் என்ன எழுதட்டும் என்று கேட்டான். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன்.

அதே ஆட்களைக் கூப்பிட்டு, நீங்கள் இல்லாமல், ஃபைலைக் கெடுத்தது நான் என்று நானே சொல்ல வேண்டும் என்றீர்கள். போன சனிக்கிழமை சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். தமாஷ் எதுவும் சொல்லவில்லை, சிரித்து முடிக்கும் வரை நின்றேன். பல் டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

தங்கச்சி கேட்டது: கூட்டத்தில் இனி அவள் பேரை எடுப்பதில்லை, நல்லதுக்கும் எடுப்பதில்லை. சம்மதம்.

அந்த ஜோடி மாதிரி இன்னொன்று செய்து தரச் சொல்லி நான் கேட்கக் கூடாது. கேட்க மாட்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். ஒரு பாட்டு, முழுதாக, அந்த உள்ளங்கைப் பெட்டியிலேயே. உங்களுக்கு எட்டாமல் போனது எனக்குக் கேட்டால் பாட்டு முடிந்ததும் கேட்டபடி சொல்ல வேண்டும், கூட்டாமல், குறைக்காமல். நடுவில் வாயைத் திறந்தால், முதலிலிருந்து.

மச்சான்